கண்ணின் வரிசையும் காதின் வரிசையும்

2011ஆம் ஆண்டு, கல்லூரி திறந்த சில வாரங்களில் நடந்தது இது. தாம்பரத்தை அடுத்த ஒரு கல்லூரியில் முதுகலைத் தமிழ் வகுப்புக்கு இலக்கணமும் சிற்றிலக்கியமும் நடத்திக்கொண்டிருந்தேன். அவ்வாண்டு சேர்ந்த மாணவர்களுள் ஒருவர் பார்வையற்றவர். முதல் வரிசையில் அமர்ந்து, வகுப்பு முழுவதையும் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்துகொள்வார். விடுதிக்குப் போய் மீண்டும் மீண்டும் கேட்பார். "மடிக்கணினி வாங்கியிருக்கிறேன் ஐயா, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்" என்று அவர் ஒரு நாள் சொன்னபோது எனக்குப் பெரிய நிம்மதி. பல ஆண்டுகளாகத் தட்டச்சிட்டுச் சேர்த்து வைத்திருந்த அறுபது பக்கக் குறிப்பைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். இனிமேல் வாசித்துக்காட்ட ஆள் தேடி அவர் அலைய வேண்டியதில்லை என்று எண்ணிக்கொண்டேன். கொடுத்ததில் சற்றுப் பெருமிதமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுநாள் ஆசிரியர் அறைக்கு வந்தவர், மடிக்கணினியைத் திறந்து, காதில் செருகும் ஒலிப்பானின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். என் குறிப்பின் முதல் சொல் 'தமிழ்'. அவர் அம்புக்குறி விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் உள்ளிருந்த குரல் ஓர் எழுத்தைச் சொன்னது: "ஜே... கே... பி... ஓ... செமிகோலன்."

"அறுபது பக்கமும் இப்படித்தான் பேசுகிறது ஐயா" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

திரையில் நான் பார்த்தது பழுதற்ற தமிழ். அவர் கேட்டது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் அணிவகுப்பு. ஒரே கோப்பு இருவருக்கு எப்படி இரண்டாயிற்று? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தபோது, பேசும் கணினியின் வரலாறும் தமிழ் எழுத்துருக்களின் வரலாறும் ஓரிடத்தில் மோதிக்கொண்ட கதை தெரியவந்தது. தமிழ்க் கணிமையின் வரலாறு என்று நான் படித்தவை பெரும்பாலும் பார்க்கிறவர்களின் பக்கமிருந்து எழுதப்பட்டவை. கேட்கிறவர்களின் பக்கமிருந்து அதைச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

* * *

தமிழ்க் கல்வி நெடுங்காலம் காதின் வழியே நடந்தது. திருக்குறளில் 'கல்வி', 'கல்லாமை' ஆகியவற்றை அடுத்துக் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. திண்ணைப் பள்ளியில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். ஏடு நினைவுக்குத் துணையே தவிர, நினைவுக்கு மாற்று அன்று.

ஆகவே அக்காலத்தில் பார்வையின்மை புலமைக்கு முழுத்தடையாக இருக்கவில்லை. தாம்பரத்தில் மின்ரயில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கினால், பொன்விளைந்த களத்தூர் அருகில்தான். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியாரோடு தொடர்புடைய ஊர் அது. சேயூர் முருகன் பிள்ளைத்தமிழும் திருக்கழுக்குன்றப் புராணமும் திருவாரூர் உலாவும் பாடியவர் அவர். தம் முதுகில் எழுத்துகளை எழுதச் செய்து வரிவடிவத்தையும் அவர் கற்றுக்கொண்டார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழநி மாம்பழக் கவிச்சிங்க நாவலர், சிறு வயதில் அம்மை நோயால் பார்வை இழந்தவர், சேதுபதி அவையில் சிறப்புப் பெற்றார். இரட்டைப்புலவர்களில் ஒருவருக்குப் பார்வை இல்லை என்பது நாம் பள்ளியிலேயே படித்தது.

அச்சு பரவிய பிறகு நிலைமை மாறியது. கல்வி தாளில் குடியேறியது. தாளைப் பார்க்க முடியாதவர் வெளியே நின்றார். 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின், 1951இல், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் முறை ஏற்கப்பட்டது. விரலால் படிக்கும் வழி திறந்தது. ஆனால் கைக்கு அடக்கமான ஒரு நாவல் பிரெயிலில் பல தடித்த தொகுதிகளாக விரியும். பாடநூல்களே முழுமையாகக் கிடைக்காத நிலையில், தற்கால இலக்கியம் பிரெயிலில் கிடைப்பது அரிது. எஞ்சியது மனிதக் குரல். விடுதி நண்பர், தங்கை, ஞாயிற்றுக்கிழமை வந்து வாசித்துவிட்டுப் போகும் தன்னார்வலர், ஒலிநாடா. பார்வையற்ற தமிழ் வாசகர் எதைப் படிப்பது என்பதை, பெரும்பாலும் வாசித்துக்காட்ட வந்தவரே தீர்மானித்தார். ஒருவர் எதைப் படிக்கிறார் என்பதைப் பக்கத்தில் ஒருவர் எப்போதும் அறிந்திருந்தார். தனியே, யாரும் அறியாமல், தனக்குப் பிடித்ததைப் படிப்பது என்னும் எளிய இன்பம் அவருக்கு இல்லை.

எனவே பேசும் கணினியை வெறும் வசதியாக மட்டும் கருத முடியாது. தனிமையில் படிக்கும் உரிமை அதனோடுதான் வந்தது.

* * *

இயந்திரத்தைப் பேச வைக்கும் ஆசை பழையது. 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒரு ஐ.பி.எம். கணினி பாட்டே பாடியது. அச்சிட்ட பக்கத்தை ஒளிவருடி எழுத்துகளை அறிந்து உரக்கப் படிக்கும் இயந்திரத்தை 1976இல் ரே கர்ஸ்வைல் அறிமுகப்படுத்தினார். இவை எழுத்தைப் படித்தவை. கணினியை இயக்கும்போதே, இப்போது திரையில் என்ன இருக்கிறது, எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வரும் 'திரைவாசிப்பான்' 1980களின் நடுப்பகுதியில் உருவானது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாட்சர் உருவாக்கியது முன்னோடிகளுள் ஒன்று. விபத்தில் பார்வை இழந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் டெட் ஹென்டர் 1987இல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம், 1989இல் 'ஜாஸ்' என்னும் மென்பொருளை வெளியிட்டது.

அது டாஸ் காலம். திரையில் எழுத்துகள் மட்டுமே. வரி வரியாகப் படித்துவிடலாம். விண்டோஸ் வந்ததும் திரை படமாகிவிட்டது. சின்னங்கள், சாளரங்கள், சுட்டெலி. பார்க்கிறவர்களுக்குக் கணினி எளிதான அதே ஆண்டுகளில், கேட்கிறவர்களுக்கு அது கடினமாயிற்று. விண்டோஸுக்கான ஜாஸ் 1995இல் வரும்வரை பலரும் டாஸைக் கைவிட அஞ்சினார்கள்.

அதே 1995இல் வேறொரு பாதையைக் காட்டியவர் ஓர் இந்தியர். புணேயில் பிறந்து, பதினான்கு வயதில் பார்வையிழந்து, மும்பை ஐ.ஐ.டி.யில் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவர் பட்டம் பெற்ற டி.வி. ராமன். கணிதச் சமன்பாடுகளை ஒலியில் விளங்கும்படி வாசிக்கும் முறைமைதான் அவருடைய ஆய்வு. தம் வழிகாட்டி நாயின் பெயரையே அதற்கு வைத்தார். அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட 'ஈமேக்ஸ்பீக்', திரையை விவரிப்பதைத் தாண்டி, உள்ளடக்கத்தின் பொருளையே பேசியது. நாட்காட்டி என்றால் கட்டங்களைப் படிக்காமல், கிழமையையும் தேதியையும் சேர்த்துச் சொல்லும். திரை என்பது கண்ணுக்காக உருவான ஒரு வடிவம். காதுக்கு அதை அப்படியே நேர்ந்து சொல்வதைவிட, அடியில் கிடக்கும் செய்தியிலிருந்து தொடங்குவதே முறை என்பது அவர் வழி உணர்த்தும் பாடம். தமிழின் சிக்கலைப் புரிந்துகொள்ள இந்தப் பாடம்தான் எனக்கு உதவியது.

* * *

என் குறிப்புக்குத் திரும்புகிறேன். அதை நான் தட்டச்சிட்டது பாமினி எழுத்துருவில். பாமினியும் அதன் காலத்து எழுத்துருக்களும் செய்தது ஒரு தந்திரம். கணினியின் நினைவில் ஆங்கில எழுத்துகளே இருக்கும். ஆங்கில 'ஜே'யின் உருவத்தை அழித்துவிட்டு அவ்விடத்தில் 'த' என்னும் உருவத்தை வரைந்திருப்பார்கள். திரையில் 'த' தெரியும். கணினிக்கு அது 'ஜே'தான். கண் ஏமாறும், திரைவாசிப்பான் ஏமாறாது. அது நினைவில் இருப்பதை உள்ளபடி படித்தது. பொய் சொன்னது என் எழுத்துரு.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. 1980களிலும் 1990களிலும் அந்தத் தந்திரம் இல்லாவிட்டால் கணினியில் தமிழே இல்லை. சிற்றிதழ்களும் பதிப்பகங்களும் புலம்பெயர்ந்தோர் இதழ்களும் அதில்தான் பிழைத்தன. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக இடம் மாற்றி வரைந்தது. ஓர் எழுத்துருவில் 'அ' இருந்த இடத்தில் இன்னொன்றில் 'ம' இருந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இணையத் தமிழர்கள் கூடி டிஸ்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். தட்டச்சுப்பொறியில் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். தாளில் இடமிருந்து வலமாகக் கண் பார்க்கும் வரிசை இது. டிஸ்கி முதலிய குறியேற்றங்களும் இதே வரிசையில்தான் சேமித்தன. ஆனால் வாய் அப்படிச் சொல்வதில்லை. முதலில் மெய், பிறகு உயிர். கொம்பு காதுக்குக் கேட்பதே இல்லை. 'ஒ' என்னும் உயிர்தான் கேட்கிறது. 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இருந்தது. அதில் 'கொ' என்பது முதலில் க, அடுத்து ஒகரக் குறி. எழுத்து எப்படித் தோன்றுகிறது என்பதை வரைபவனிடம் விட்டுவிட்டு, எப்படி ஒலிக்கிறது என்ற வரிசையில் சேமித்தது யூனிகோடு. முந்தையது கண்ணின் வரிசை. இது காதின் வரிசை.

யூனிகோடைத் தமிழறிஞர் பலர் குறை கூறினார்கள். இலக்கணப்படி மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது. யூனிகோடிலோ அகரமேறிய மெய்யே அடிப்படை. புள்ளி வைத்தால்தான் மெய். தொல்காப்பியத்துக்கு முரணானது என்ற அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அதை வகுப்பில் சொல்லி, யூனிகோடுக்கு மாறாமல் காலம் கடத்தியிருக்கிறேன். விண்டோஸ் 2000இலேயே யூனிகோடுத் தமிழ் வந்துவிட்டது. தமிழக அரசு யூனிகோடையும், எல்லா எழுத்துகளுக்கும் தனி இடம் தரும் டேஸ்16 குறியேற்றத்தையும் 2010இல் தரமாக அறிவித்தது. 2011இல் என் அறுபது பக்கங்கள் பாமினியிலேயே கிடந்தன. முரண்பாட்டை விவாதித்துக்கொண்டிருந்த எங்களுக்கு எந்த எழுத்துருவிலும் படிக்க முடிந்தது. படிக்க முடியாதவர் எங்கள் விவாதத்தில் இல்லை.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து பலவற்றை மின்னூலாக்கியதையும், பின்னர் அவற்றை யூனிகோடுக்கு மாற்றியதையும் நாம் அறிவோம். பெரும்பாலோருக்கு அது இலவச நூலகம். பார்வையற்ற தமிழ் மாணவர்களுக்கு, யாரையும் கேட்காமல் பத்துப்பாட்டைத் திறந்து கேட்க முடிந்த முதல் இடங்களுள் ஒன்று அது. நெடுந்தொலைவில் சுவிட்சர்லாந்தில் இருந்தபடி அம்முயற்சியை வழிநடத்திய கு. கல்யாணசுந்தரத்தை இக்காரணத்துக்காகவும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

* * *

எழுத்து சரியானாலும் குரல் வேண்டும். ஜாஸ் விலை உயர்ந்தது. அதனோடு வந்த குரலுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு சிக்கல்களையும் ஒன்றாகத் தீர்த்தது 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்னும் பார்வையற்ற இளைஞர் தொடங்கிய என்.வி.டி.ஏ. ஜேம்ஸ் டே என்னும் நண்பரும் சேர்ந்துகொண்டார். பார்வையுள்ளவர் விலை கொடுக்காமல் பார்க்கும் திரையைப் பார்வையற்றவர் மட்டும் ஏன் விலை கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. ஆகவே மென்பொருள் இலவசம், மூலநிரலும் திறந்தது. அதனோடு வந்த இ-ஸ்பீக் என்னும் குரல், ஜொனதன் டடிங்டன் உருவாக்கியது. ஏறக்குறைய இரண்டு மெகாபைட் அளவுக்குள் பல மொழிகள். தமிழும் அதில் சேர்ந்தது.

இந்தியாவில் தமிழுக்கெனக் குரல் சமைக்கும் முயற்சிகளும் நடந்துகொண்டிருந்தன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழுவினர் உருவாக்கித் தமிழ் இணையம் 2001 மாநாட்டில் முன்வைத்த முறைமையின் பெயர் 'திருக்குறள்'. அதற்குப் பின் நடந்தவற்றில் கணிசமான பகுதி நம் தென்சென்னைப் பக்கத்திலேயே நடந்தது. கிண்டியை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் ஆய்வகம், பல நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு இந்திய மொழிகளுக்குக் குரல் உருவாக்கியது. பழைய மகாபலிபுரம் சாலையில் காலவாக்கத்து எஸ்.எஸ்.என். கல்லூரியும் தமிழ்க் குரலுக்காக உழைத்தது. தாம்பரத்துக்கு இரண்டு நிலையம் முன்னால், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருந்த ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் சி-டாக் சென்னைப் பிரிவும் சேர்ந்து 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. சி-டாக் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸில் ஓர்கா என்னும் திரைவாசிப்பானும் உண்டு.

ஐ.ஐ.டி. குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வுரை ஒன்று, தமிழ் உள்ளிட்ட ஆறு இந்திய மொழிகளின் குரல்களை என்.வி.டி.ஏ., ஓர்கா இரண்டோடும் இணைத்ததை விவரிக்கிறது. ஆங்கிலக் குரல்கள் ஒலித்துண்டுகளை அடிப்படையாகக் கொண்டவை. இவர்கள் நம் மொழிகளின் இயல்பு அசை என்று கண்டு அசைகளைக் கோத்தார்கள். பார்வையற்றவர்களையே வைத்துச் சோதித்தபோது கிடைத்த மதிப்பெண் நூற்றுக்கு 62க்குச் சற்று மேல். அதை மறைக்காமல் எழுதியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

தமிழை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பது ஏன் கடினம் என்பதைத் தமிழாசிரியன் எளிதில் ஊகிக்கலாம். 'க' ஒரே எழுத்துதான். 'கல்', 'பகல்', 'தங்கம்', 'பக்கம்' நான்கிலும் அது ஒன்றாக ஒலிப்பதில்லை. இதற்கு விதி சொல்லிவிடலாம். 'குருவி'யின் 'கு'வும் ஆசிரியர் என்னும் பொருளில் வரும் 'குரு'வின் 'கு'வும் வேறு. 'திணை'யின் 'தி'யும் 'தினம்' என்பதன் 'தி'யும் வேறு. இதற்கு விதி இல்லை, பழக்கம்தான். 'பசு'வின் உகரம் முழுமையாகவும் 'பாக்கு'வின் உகரம் குறுகியும் ஒலிக்க வேண்டும். குற்றியலுகரத்தைத் தேர்வுக்கான பாடமென்று நினைத்திருந்த எனக்கு, அது ஒரு மென்பொருளின் தேவையாகவும் இருக்கிறது என்பது புதிய செய்தி.

மாணவரிடம் மனிதக் குரல் போன்ற புதிய குரலைப் பற்றிச் சொன்னபோது அவர் அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. அவர் இ-ஸ்பீக்கின் உலோகக் குரலையே, எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பவர். பதிந்த குரல் துண்டுகளை ஒட்டிச் செய்த குரலை வேகப்படுத்தினால் குழறும். கணக்கீட்டால் உருவாகும் உலோகக் குரல் எந்த வேகத்திலும் தெளிவாக நிற்கும். "செய்தித்தாளுக்கும் பாடத்துக்கும் இது போதும் ஐயா. கவிதை என்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்வேன். அப்போதும் ராகம் நான்தான் மனத்துக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்" என்றார். நாமும் அச்சில் கவிதையை அப்படித்தானே படிக்கிறோம் என்று தோன்றியது. தாளிலும் ராகம் இல்லை.

* * *

கேட்பது ஒரு பாதி. கணினியிடம் பேசி அதை இயக்குவது மறுபாதி. கை இயங்காதவர்களுக்கு அதுவே முழுவழி. சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேச வேண்டியிருந்த நிலையை மாற்றி, தொடர்ந்து பேசினாலே எழுதிக்கொள்ளும் 'டிராகன்' மென்பொருள் 1997இல் வந்தது. 2006 ஜூலையில் விண்டோஸ் விஸ்டாவின் குரல்வசதியை மைக்ரோசாப்ட் மேடையில் காட்டியபோது, "அன்புள்ள அம்மா" என்று சொன்னதை அது "அத்தை" என்று எழுதியது. திருத்தத் திருத்த மேலும் உளறியது. உலகமே சிரித்தது. அதில் தமிழர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. அம்மென்பொருளுக்குத் தமிழே தெரியாது.

தமிழில் அந்தக் கதவு கைப்பேசி வழியே திறந்தது. 2009இல் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் திரைவாசிப்பான் உள்ளமைந்தே வந்தது. 2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழையும் சேர்த்தது. விண்டோஸ் 10 தந்த தமிழ்க் குரலின் பெயர் 'வள்ளுவர்'. பெங்களூரில் திருக்குறள், மைக்ரோசாப்டில் வள்ளுவர். இயந்திரத்துக்குப் பெயர் வைக்கும்போது எல்லோருக்கும் அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

கடற்கரை - தாம்பரம் மின்ரயிலில் பயணம் செய்பவர்கள் பார்வையற்ற வணிகர்களை அறிவார்கள். கடலை மிட்டாயும் அடையாள அட்டை உறைகளும் விற்றுக்கொண்டு பெட்டிக்குப் பெட்டி போவார்கள். அண்மையில் ஒரு மாலை அப்படி ஒருவர் என் எதிர் இருக்கையில் அமர்ந்து கைப்பேசியை வாயருகே பிடித்து, "பல்லாவரம் தாண்டிட்டேன், பத்து நிமிஷத்துல வந்துருவேன்" என்றார். பிறகு காதோடு வைத்து, எழுதியதைக் கேட்டார். திருப்தி இல்லை. இம்முறை ஒவ்வொரு சொல்லாக, "பல்லாவரம் தாண்டிவிட்டேன், பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன்" என்று மேடைத் தமிழில் சொன்னார். கைப்பேசி ஏற்றுக்கொண்டது. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பற்றி வகுப்பறையில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். வீட்டில் இருப்பவருக்குச் செய்தி சொல்ல ஒருவர் மேடைத் தமிழுக்குப் போக வேண்டியிருக்கிறது என்பதில் அந்த இடைவெளியின் எடை தெரிந்தது. ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் ஆய்வகமும், 2022இல் அரசு தொடங்கிய பாஷினி திட்டமும் பேச்சு மாதிரிகளைத் திரட்டுகின்றன. அவற்றில் பல்லாவரத்துப் பேச்சும் சேர வேண்டும்.

* * *

இன்று குரல் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பார்வையற்றோர் படிக்கும் வடிவுக்கு ஒரு நூலை மாற்றுவதற்கு இடம் தருகிறது. அதே நோக்கமுடைய மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு உண்டு. நாட்டுடைமை நூல்கள் 2,000க்கு மேல் தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டு, எழுத்துணரியால் எழுத்தாக்கப்பட்டுத் தன்னார்வலர்களால் மெய்ப்புப் பார்க்கப்படுகின்றன.

குறை இப்போது நம் பக்கத்தில்தான். சிற்றிதழ்களின் பழைய இதழ்களை ஒளிவருடிப் படக்கோப்பாக இணையத்தில் போட்டுவிட்டு ஆவணப்படுத்திவிட்டோம் என்று மகிழ்கிறோம். திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். அச்சகத்தில் இன்னும் பழைய எழுத்துருவில் வடிவமைத்துப் பி.டி.எப். ஆக்குகிறோம், பார்க்க அழகாக இருக்கும், உள்ளே மீண்டும் 'ஜே, கே, பி, ஓ'. கவிதையைப் பூப்படத்தின் மேல் எழுதிப் படமாகப் பகிர்கிறோம். அந்தகக்கவியின் காலத்தில் ஒரு கவிதை வாயிலிருந்து காதுக்குப் போனது; தடையே இல்லை. நாமோ எழுத்தைப் படமாக்கும் ஒவ்வொரு முறையும் கதவை மீண்டும் சாத்துகிறோம். தீய நோக்கம் ஏதுமில்லை. பார்க்கிறவனுக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். 2011இல் எனக்கும் தோன்றவில்லை.

அன்று என் அறுபது பக்கங்களையும் எழுத்துருமாற்றியில் இட்டு யூனிகோடாக்கி, உடைந்த எழுத்துகளைச் சரிசெய்ய இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. மாணவரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்தார். நன்றி சொல்லிவிட்டு, சற்றுத் தயங்கி, "ஏழு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது ஐயா" என்றார். பக்க எண்களோடு சொன்னார். பல ஆண்டுகள் அந்தப் பக்கங்களைப் பார்த்து வகுப்பெடுத்திருக்கிறேன். கண் அந்த ஏழு இடங்களையும் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் குரல் மிகாமல் போனபோது, அவர் காது அங்கே தடுக்கி நின்றிருக்கிறது.

இப்போது அவர் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். புணர்ச்சி விதிகளை நடத்தும்போதெல்லாம் அந்த ஏழு ஒற்றுகள் என் நினைவுக்கு வருகின்றன. அவ்விதிகளை யாரும் கண்ணுக்காக வகுக்கவில்லை.